அரை ஆட்டம்

செவ்வாய், வியாழன், சனி.
ஊசி இறங்கும்போது இருவரும் வேறெங்கோ பார்ப்பார்கள்.
சன்னலோர நாற்காலியில் வெர்லன் ஸ்டப்ஸ், சிவப்புத் தொப்பி,
செயின்ட் லூயிஸ்.
பக்கத்தில் ஆர்டித் பிராண்ட், நீலக் காலுறை,
சிகாகோ.
இரண்டு நகரங்களுக்கும் நடுவே சோளக்காட்டுக்குள்
எங்கள் டெகேடர்.
சோயா ஆலை வாடை எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்தே
காற்று யார் கட்சி என்று சொல்லிவிடுவார்கள்.

நான்கு மணி நேரம்
இரத்தம் கையை விட்டுப் புறப்பட்டு
எந்திரத்தைச் சுற்றி அதே கைக்கு வருகிறது.
"ஓடு, ஓடு, வீட்டுக்கு வா!"
ரேடியோவில் எவனையோ விரட்டுகிறாள் ஆர்டித்.
கையை அசைக்காதே என்கிறேன்.
மூன்றாம் பேஸில் ஆள் நிற்கிறான்,
இதை வேறு யாரிடமாவது போய்ச் சொல் என்கிறாள்.

எனக்கு பேஸ்பால் பிடிக்காது.
என் விவாகரத்துக் காகிதத்தில்
எழுதப்படாத காரணங்களில் அதுவும் ஒன்று.

ஜூலை நடுவில் இரண்டு அணிகளும்
ஒரே துணியைக் கவ்விய இரண்டு நாய்கள்.
ஒருநாள் சிவப்பு அரை ஆட்டம் முன்னால்,
மறுநாள் நீலம்.
பாதி ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று கேட்டேன்.
அன்றுதான் முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சியில் நின்று
என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
"நீ சும்மா படுத்திருக்கும் நாளில்
எதிரி ஆடி ஜெயித்தால், அது அரை."
சொன்னவன் வெர்லன்.
முப்பது வருடம் தானியக் கிடங்கில் எடை போட்டவன்,
அரையும் காலும் மாகாணியும் அவனிடம் தப்பாது.

பந்தயம் பனிக்கட்டி.
நாளுக்கு ஒரு லிட்டர்தான் இவர்களுக்கு எல்லாமும்:
காபி, சூப், மாத்திரை விழுங்கும் மடக்கு.
அதில் ஒரு காகிதக் கோப்பைப் பனிக்கட்டி என்பது பவுன்.
தோற்றவர் கோப்பையை நீட்ட வேண்டும்.
ஜெயித்தவர் நொறுக்கும் சத்தம் தோற்றவர் காதில் விழ வேண்டும்.
நான் தடுக்க வேண்டும்.
சரியாக அந்த நேரத்தில்
ஆறாம் நாற்காலியில் எனக்கு வேலை வந்துவிடும்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஒரு மணி, இரத்த அழுத்தம் 138.
இரண்டரை மணி, ஏழாம் இன்னிங்ஸ், 171.
'ஏழாம் இன்னிங்ஸ்' என்பதை டாக்டர் அடித்துவிட்டார்.
அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டு
ஓரத்தில் கேட்டிருந்தார்,
பந்து வீசியது யார்?

ஒரு வியாழன், சன்னலோரம் காலி.
காலி நாற்காலிக்கு இங்கே இரண்டே அர்த்தம்.
ஆர்டித் கேட்கவில்லை. ரேடியோவும் போடவில்லை.
சொல்லக் கூடாது, சொன்னேன்:
இரவு இரண்டு மணிக்கு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து போன்,
சிறுநீரகம் பொருந்திவிட்டது.
நெடுநேரம் கூரையைப் பார்த்தாள்.
"எந்தப் பட்டியலை எடுத்தாலும் அவன்தான் முன்னால்" என்றாள்.
பிறகு,
"முதல் இடத்தில் இருக்கும்போதே ஓடிவிட்டான், கோழை."

சனிக்கிழமை அந்த நாற்காலியில் புதுப் பையன், காதில் ஹெட்போன்.
எந்த அணி?
பேஸ்பால் பார்ப்பதில்லை.
"சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்.
தெரியாமல் செய்தது, போகட்டும்."

ஐந்தாம் இன்னிங்ஸில் அவள் போன் அடித்தது.
ஒரு கைதான் சும்மா இருந்தது, ஸ்பீக்கரில் போட்டாள்.
மருந்தில் குழைந்த குரல்:
"ஆர்டித், மூத்திரம் வருகிறது.
ஒரே இன்னிங்ஸில் பை நிறைந்து நர்ஸ் ஓடி வந்தாள்."
நான்கு வருடமாக வராதது.
பன்னிரண்டு நாற்காலிகளும் கேட்டன.
யாரோ கைதட்டப் போய், ஊசி நினைவு வந்து,
தொடையில் தட்டினார்.
சத்தம் அடங்கும்வரை ஆர்டித் பொறுத்திருந்தாள்.

"உங்கள் ஆட்கள் நேற்று தோற்றார்கள்."
"தெரியும்."
"நாங்கள் ஜெயித்தோம். நீ அரை ஆட்டம் பின்னால்."
"தெரியும், ஆர்டித்."
"பனிக்கட்டி பாக்கி."
"நடக்க விட்டதும் வந்து தருகிறேன்."
"இங்கே நீ வரவே கூடாது" என்றாள்.
"தபாலில் அனுப்பு."

அழுத்தம் பார்க்கும் நேரம்.
பக்கத்தில் போனேன்.
ஏழாம் இன்னிங்ஸ் முடியட்டும் என்று
ஆறாம் நாற்காலிக்குத் திரும்பினேன்.